என் முகத்துக்கும் திறந்தது

அந்த மனிதர் என் மகளைத் தொடவே இல்லை. இதை அவரே என்னிடம் மூன்று முறை சொன்னார். "நான் உங்க பொண்ண டச் கூட பண்ணல மேடம்." உண்மைதான். தொட்டிருந்தால் அந்த அறையில் இருந்தவர்களில் ஒருவராவது எழுந்து, என்ன சார் இது என்று கேட்டிருப்பார். நானே கத்தியிருப்பேன். தொடாமல் செய்ததால் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்று வாரம் ஆகிறது. காய் நறுக்கும்போதோ பஸ்ஸுக்கு நிற்கும்போதோ அது நினைவுக்கு வந்தால் இப்போதும் காது மடல் சூடாகிறது. யார் மேல் கோபம் என்று கேட்டால் ஒரு வரிசையே இருக்கிறது. அந்த வரிசையில் நானும் நிற்கிறேன்.

என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். தி. நகரில் ஒரு நுழைவுத் தேர்வுப் பயிற்சி மையத்துக்கும் போய்க்கொண்டிருந்தாள். பாடம், வாரத் தேர்வு எல்லாம் அவர்களுடைய செயலியில் வரும். போன் திரையில் படம் போட்ட கேள்விகள் சரியாகத் தெரியவில்லை என்பதால் டேப்லெட் வாங்க முடிவு செய்தோம். நானும் அவளும்தான் கடைக்குப் போனோம்.

அவளுக்குக் கை வேர்க்கும். சும்மா ஈரம் இல்லை. ஒன்றாம் வகுப்பிலேயே நோட்டுப் பக்கங்கள் அவள் கை வைத்த இடத்தில் அலை அலையாக இருக்கும். பரீட்சை எழுதும்போது வலது கைக்கு அடியில் ஒரு கைக்குட்டை விரித்துக்கொள்வாள். ஆழ்வார்பேட்டையில் ஒரு தோல் மருத்துவர், இது வியாதி இல்லை, சிலருக்கு இப்படித்தான், பதற்றமானால் அதிகமாகும் என்றார். பதற்றம் யாரிடமிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை. என்னைப் பார்த்தாலே தெரிந்திருக்கும்.

கடையில் விற்பனைக்காரர் டேப்லெட்டை நீட்டி, பக்கவாட்டுப் பொத்தானில் விரல் வைக்கச் சொன்னார். ரேகை பதிய மறுத்தது. துடைத்துவிட்டு வைத்தாள். பாதி பதிந்தது. மறுபடி துடைத்தாள்.

"பாப்பா, பேசாம ஃபேஸ் போட்டுக்க மா. பாத்தாலே தொறந்துக்கும். கைய ஏன் கஷ்டப்படுத்திக்கினு கீற?" என்றார் அவர்.

"இல்லண்ணா, எனக்கு ஃபிங்கர்தான் வேணும்."

"ஏன்டி?" என்றேன் நான்.

"முகம் வெளியிலயே இருக்கும்மா."

"ஆமா, கைய மட்டும் பீரோல வச்சுப் பூட்டியிருக்க."

விற்பனைக்காரர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. வாரத் தேர்வுக்குக் காலை பத்து மணிக்குச் செயலியில் கதவு திறக்கும், பத்து நிமிடத்தில் மூடிவிடும். அந்தப் பத்து நிமிடத்தில் இவள் விரலைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்ற காட்சி என் கண்முன் வந்துவிட்டது. எனக்கு எந்தக் காட்சியும் முழுசாகத்தான் வரும், அழுகை உட்பட. "ஃபேஸே போட்டுருங்க," என்றேன். அவளை நிமிர்ந்து பார்க்கச் சொல்லி, இடப்பக்கம் திரும்பச் சொல்லி, வலப்பக்கம் திரும்பச் சொல்லிப் பதிவு செய்தார். அவள் முகத்தை நான்தான் கொடுத்தேன்.

இந்த இடத்தில் கண்ணாடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்குச் சில மாதங்கள் முன்பு, மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று போட்டிருந்தார்கள். இலவசமாகக் கிடைப்பதை அதே தட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். அவள் கறுப்பில் சதுரமாக ஒன்று எடுத்தாள். எனக்கு வெள்ளெழுத்து வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. தட்டில் மிச்சமிருந்ததெல்லாம் ஒன்று தங்க நிறம், இல்லையென்றால் பச்சை. அவள் எடுத்ததிலேயே இன்னொன்று இருந்தது. எடுத்துக்கொண்டேன். அவள் பிறந்ததிலிருந்தே அம்மாவை உரித்து வைத்தது போல என்றுதான் சொல்வார்கள். இப்போது ஃபிரேமும் ஒன்று. என் கணவர் சாப்பாட்டு மேஜையில், "வீட்ல ரெண்டு பேர் இருக்கீங்களா, இல்ல எனக்குத்தான் ரெண்டாத் தெரியுதா?" என்பார்.

ஒரு நாள் மத்தியானம் அவள் குளித்துக்கொண்டிருந்தாள். மேஜையைத் துடைப்பதற்காக டேப்லெட்டைத் தூக்கினேன். திறந்துகொண்டது. திரையில் இதயத்தின் குறுக்குவெட்டுப் படம், அம்புக்குறிகள்.

எனக்குப் பயம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. இதை மறைத்துவிட்டு அந்த மனிதரை மட்டும் திட்டினால் நான் எழுதுவதற்கு அர்த்தமில்லை. இயந்திரத்துக்கே தெரிகிறது இவள் என் பெண் என்று, அப்படி ஓர் அசட்டுப் பெருமை. மறுநாள் அது தற்செயலா என்று பார்க்க வேண்டுமென்றே எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்தேன். திறந்தது. எதையும் படிக்கவில்லை, சத்தியமாக. ஆனால் அவளிடம் சொல்லவும் இல்லை. தேவைப்பட்டால் இருக்கட்டும் என்று பக்கத்து வீட்டில் கொடுத்து வைக்கும் சாவியைப் போல அதை வைத்துக்கொண்டேன்.

அவளிடம்தான் சொல்லவில்லை. மற்றவர்களிடம் சொன்னேன். கணவரிடம். போனில் என் அக்காவிடம். பிறகு பயிற்சி மையத்தில், பெற்றோர் கூட்டம் முடிந்து வெளியே வரும்போது, ஒருங்கிணைப்பாளரிடம். மையத்தில் எல்லாம் அவர்தான். எந்தப் பிள்ளை எந்தத் தேர்வில் எத்தனை மதிப்பெண் என்று காகிதம் பார்க்காமல் சொல்வார். "பாத்த உடனே தெரியுது மேடம், அப்படியே நீங்கதான்," என்றார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அட ஏன் சார் கேக்கறீங்க, அவ டேப்லெட்டே என் மூஞ்சிக்குத் தொறக்குது!"

அவரும் சிரித்தார். எதையும் மறக்காத மனிதர்.

ஒரு சனிக்கிழமை பதினொரு மணிக்கு மையத்திலிருந்து போன். உடனே வரச் சொன்னார்கள். ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து தி. நகர் போய்ச் சேருவதற்குள் அவள் மயங்கி விழுந்தாள், பஸ்ஸில் அடிபட்டாள், யாரோடோ போய்விட்டாள், எல்லாம் என் மனதில் நடந்து முடிந்திருந்தது. போய்ப் பார்த்தால் கண்ணாடிச் சுவர் வைத்த ஓர் அறையில் நின்றுகொண்டிருந்தாள். ஒருங்கிணைப்பாளர் மேஜைக்குப் பின்னால். பக்கத்தில் ஓர் ஆசிரியை. சுவரோரம் நாற்காலியில் வேறு ஒரு பெண்ணின் அப்பா, தன் முறைக்காகக் காத்திருந்தார். முந்தைய நாள் மாலை வகுப்பறை மேஜையில் அச்சிட்டு வைத்திருந்த அந்த வாரத் தேர்வின் கேள்வித்தாள் படமாக எடுக்கப்பட்டு ஏதோ ஒரு வாட்ஸ்அப் குழுவில் சுற்றியிருக்கிறது. கடைசி வரிசைப் பெண்கள் நான்கு பேர் மேல் சந்தேகம். இவளும் கடைசி வரிசை. மாட்டினால் பேட்சிலிருந்து நீக்கம். நுழைவுத் தேர்வுக்குச் சில வாரங்கள்தான் பாக்கி.

டேப்லெட் அவர் கையில் இருந்தது. அது நாங்கள் வாங்கியது, மையம் கொடுத்தது அல்ல. அந்த நேரத்தில் இது எனக்குத் தோன்றவே இல்லை.

"பாஸ்வேர்டு சொல்ல மாட்டேங்கிறா மேடம்."

"நான் அனுப்பல சார்," என்றாள் அவள்.

"அப்போ காட்டறதுக்கு என்ன பயம்?"

"அது என்னோடது சார்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "காட்டிடேன் கண்ணு. தப்பு பண்ணலதானே?" என்றேன். அவர் கேட்ட அதே கேள்வி. கொஞ்சம் கொஞ்சலாக.

அவள் கைகளைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே நின்றாள். அவர் எழுந்து மேஜையைச் சுற்றி வந்து டேப்லெட்டை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தார். அவள் கண்களை மூடிக்கொண்டாள். இறுக்கி, புருவம் சுருங்கும்படி. கண் மூடியிருந்தால் திறக்காது, அப்படி ஓர் அமைப்பு அதில் உண்டு, அவளே போட்டு வைத்திருந்திருக்கிறாள். அவர் வலப்பக்கம் நகர்த்தினார், இடப்பக்கம் நகர்த்தினார். "கண்ணத் தொற மா. என்ன இது எல்கேஜி புள்ள மாதிரி." ஆசிரியை லேசாகச் சிரித்தார். நாற்காலியில் இருந்த அப்பா தன் போனைப் பார்த்தார்.

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். "மேடம், நீங்க கொஞ்சம்..."

வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய தேவையும் இல்லை. டேப்லெட் என் முகத்துக்கு முன்னால் இருந்தது. டிக் என்று சின்னச் சத்தம்.

கண்ணை மூடியிருக்கலாம். பதினேழு வயதுப் பெண்ணுக்குத் தோன்றியது, நாற்பத்தெட்டு வயதான, இரண்டு பட்டம் வாங்கிய எனக்குத் தோன்றவில்லை. நான் செய்ததெல்லாம், என்ன நீட்டுகிறார் என்று பார்த்ததுதான். பார்த்தாலே போதும் என்றுதானே கடைக்காரர் சொன்னார்.

அந்தச் சத்தம் கேட்டு அவள் கண் திறந்தாள். அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சொன்னார். "அம்மாதான் அன்னிக்குச் சொன்னாங்க. தமாஷா."

படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். எதுவும் இல்லை. செய்திகளைப் பார்த்தார். எதுவும் இல்லை. அங்கே நிறுத்தியிருக்கலாம். அவள் தினமும் ஏதோ எழுதி வைக்கும் பக்கங்களைத் திறந்தார். இரண்டு வரியை வாய்விட்டுப் படித்தார். படித்துவிட்டு, "மேடம், உங்களப் பத்தி எழுதியிருக்கா," என்று சிரித்தார்.

அந்த இரண்டு வரியை இங்கே எழுத மாட்டேன். ஒருமுறை திறந்தது போதும். இவ்வளவு மட்டும் சொல்கிறேன். அதில் என்மேல் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். பயம் இருந்தது. என்னைப் பார்த்து. அதை எனக்கு அவளாக ஒரு நாள் சொல்லியிருப்பாள், பத்து வருடம் கழித்தாவது. அப்படித் தானாகச் சொல்வதற்கு இருந்த ஒரே ஒரு வாய்ப்பையும் அந்த ஆள் ஏசி அறையில் நின்று எடுத்துக்கொண்டார்.

"போதும் சார்," என்றேன். குரல் தாமதமாகத்தான் வந்தது.

"ஒண்ணும் இல்ல மேடம், கிளியர்," என்று அதை மேஜைமேல் வைத்தார். "அடுத்த பொண்ண வரச் சொல்லுங்க."

ஆட்டோவில் வந்தோம். அவள் ஓர் ஓரம், நான் ஓர் ஓரம், நடுவில் அவளுடைய பை. ஓட்டுநர் கலகலப்பான மனிதர். வெயிலைப் பற்றிப் பேசினார், மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளத்தைத் திட்டினார். ஆழ்வார்பேட்டை சிக்னலில் நின்றபோது கண்ணாடியில் எங்களைப் பார்த்தார்.

"நானும் அப்போலேந்து பாத்துக்கினே வரேன்க்கா. ரெண்டு பேரும் ஜெராக்ஸ் எடுத்தா மாரியே கீறீங்க. அக்கா தங்கச்சியா இன்னா?"

வேறு எந்த நாளாக இருந்தாலும் அதை நான் அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்லியிருப்பேன். என் மகள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். வீடு வரும்வரை அதை எடுக்கவில்லை. ஆட்டோவிலிருந்து இறங்கும்போது நடைபாதை விளிம்பு தெரியாமல் தடுக்கினாள். பிடிக்கப் போன என் கையை விலக்கிவிட்டாள்.

அன்று சாயங்காலமே டேப்லெட்டிலிருந்து முகத்தை நீக்கிவிட்டாள். கடவுச்சொல்லை மாற்றினாள். விரலைப் பதிய வைக்க ஆரம்பித்தாள். முகத்துக்குப் போடும் பவுடரைக் கொஞ்சம் கேரம் ஆடுபவர்கள் மாதிரி விரல் நுனியில் தடவிக்கொண்டு, ஊதிவிட்டு, வைத்தாள். என் கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, "அந்தப் பொத்தான் இடுக்குல பவுடர் அடைஞ்சா ரிப்பேராயிடும்டா," என்றார். அவள், "பரவால்லப்பா," என்றாள். அவரிடம் பேசினாள்.

நான் அவரிடம் நடந்ததைச் சொன்னபோது அவர் சொன்னார், "தப்பு இல்லன்னு ஆயிடுச்சில்ல, விடேன்." அவர் மேலும் எனக்குக் கோபம். அந்த வரிசையில் அவருக்கும் ஓர் இடம்.

எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருவது வேறு ஒரு நாள். இவளுக்குப் பதினைந்து முடிந்ததும் ஆதாருக்கு மறுபடி கைரேகை எடுக்கச் சைதாப்பேட்டைக்குப் போயிருந்தோம். அங்கேயும் பதியவில்லை. எங்களுக்குப் பின்னால் நீளமாக வரிசை, ஆளாளுக்கு உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தார்கள். கணினி முன்னால் உட்கார்ந்திருந்த பெண்மணி எழுந்து வந்தார். "இன்னா கண்ணு, தண்ணில ஊறவச்சா மாரி கீது கை? தொடச்சி உடவா?" என்று கேட்டார். இவள் தலையாட்டினாள். தன் முந்தானையால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். "நான் புடிச்சி அமுத்தட்டா? வலிக்காது." மறுபடி தலையாட்டினாள். அப்புறம்தான் பிடித்தார்.

அந்த அம்மாள் எந்தச் சட்டப் புத்தகத்தையும் படித்துவிட்டு அதைக் கேட்கவில்லை. கை என்றால் கேட்க வேண்டும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். ஒரு பெண்பிள்ளையின் கையைப் பிடித்து, விரலை நீட்டி, ஒரு பொத்தானில் அழுத்துவதற்கு அந்த ஒருங்கிணைப்பாளருக்குத் துணிச்சல் வந்திருக்காது. முகத்துக்கு யாரும் கேட்பதில்லை. போகிறபோக்கில் எடுத்துக்கொள்ளலாம். அதிலும் அம்மாவின் முகம் என்றால் இன்னும் சுலபம். மறுக்காது. கடையில் இவள் சொன்னது இதைத்தான். நான் பீரோவைப் பற்றி ஜோக் அடித்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டுவிட்டு மையத்துக்குப் போனேன். பஸ் முழுக்க வாக்கியங்களைத் தயார் செய்துகொண்டே போனேன். வரவேற்பறையிலேயே அவர் நின்றுகொண்டிருந்தார்.

"நீங்க அவகிட்ட மன்னிப்பு கேக்கணும்."

"எதுக்கு மேடம்? அவ மேல தப்பில்லன்னு நான்தான் ப்ரூவ் பண்ணிக் குடுத்தேன்."

"அவ எழுதினத ஏன் படிச்சீங்க?"

"படிக்கணும்னு படிக்கல. கண்ல பட்டுச்சு."

"வாய்விட்டுப் படிச்சீங்க."

"மேடம், கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. நான் உங்க பொண்ண டச் கூட பண்ணல. தொறந்தது யார் மூஞ்சிக்கு? உங்க மூஞ்சிக்கு."

தயார் செய்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் போய்விட்டன. கத்தினேன். "என் மூஞ்சிய யாரக் கேட்டு எடுத்தே?" என்று ஒருமையில் கத்தினேன். இருபத்திரண்டு வருட வேலையில் நான் யாரையும் ஒருமையில் பேசியதில்லை. அங்கே உட்கார்ந்திருந்த பெற்றோர்கள் ஏழெட்டுப் பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். எல்லோருக்கும் பிள்ளை இருக்கிறது, எல்லோரிடமும் டேப்லெட் இருக்கிறது. ஒருவர் மட்டும் எழுந்து வந்தார். என் பக்கம் நிற்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். "மேடம், உள்ள கிளாஸ் நடக்குது. கொஞ்சம் மெதுவா," என்றார்.

வரவேற்பில் இருந்த பெண் ஒரு படிவத்தை நீட்டினாள். குறைகளை அதில் எழுதிக் கொடுக்கலாமாம். முதல் கட்டத்தில் மாணவரின் பெயர், இரண்டாவதில் ஒரு புகைப்படம் ஒட்ட இடம். மடித்துக் கைப்பையில் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். ஏதோ வென்று வந்த மாதிரி. அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

"உன்ன யாரு போகச் சொன்னா?"

"அவன் செஞ்சது தப்பில்லையா?"

"உள்ள அஞ்சு பேருக்குத்தான் தெரியும். இப்போ மொத்த சென்டருக்கும் தெரியும்."

அதற்குப் பிறகு அவள் மையத்துக்குப் போகவில்லை. பாடத்தையும் தேர்வையும் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்கிறாள். நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தும் தகுதியை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போய் ஃபிரேமை மாற்றினேன். சிவப்பு பிளாஸ்டிக், வட்டமாக. டேப்லெட்டில்தான் முகமே இல்லையே, இனி எதற்கு இது என்று நானே கேட்டுக்கொண்டேன். ஆனாலும் மாற்றினேன். வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் ஒரு கணம் உற்றுப் பார்த்தாள்.

"நல்லால்ல," என்றாள்.

நான்கு நாட்களில் அவளாக என்னிடம் சொன்ன முதல் வார்த்தை. அதற்காகவே அதைப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வாரத் தேர்வு. பத்து மணிக்குக் கதவு திறந்தது. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து விரலை வைத்தாள். அடையாளம் தெரியவில்லை என்றது. கைக்குட்டையில் துடைத்தாள். வைத்தாள். தெரியவில்லை. பவுடர் தடவி ஊதினாள். மறுபடி. ஐந்தாவது முறைக்குப் பிறகு முப்பது விநாடி காத்திருக்கச் சொல்லிவிட்டது. மணி பத்து ஆறு. நான் மேஜைக்கு எதிரில் குளிர்சாதனப் பெட்டியின் பக்கம் நின்றுகொண்டிருந்தேன், கையில் அவளுக்கு ஆற்றிய பால். பயந்து பயந்து நான் கற்பனை செய்த அதே காட்சி, ஒரு சொல் மாறாமல். முகத்தை வைத்திருந்தால் இந்நேரம் இரண்டாவது கேள்விக்குப் போயிருப்பாள் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

திரை கடவுச்சொல்லைக் கேட்டது. அவள் விரலை எண்களுக்கு மேல் கொண்டுபோனாள். நிறுத்தினாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அம்மா, திரும்பிக்கோ."

திரும்பிக்கொண்டேன். குளிர்சாதனப் பெட்டியின் கதவு என் மூக்குக்கு அரை அடியில் இருந்தது. அதில் ஒட்டியிருந்த பால்காரர் அட்டை, மின்சார வாரியத்தின் பழைய ரசீது. எனக்குப் பின்னால் ஆறு முறை விரல் திரையில் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு தேர்வு தொடங்கியதற்கான மணி ஒலித்தது. நேரத்துக்குள் போய்விட்டாள்.

திரும்பலாம் என்று அவள் சொல்லவில்லை. பால் ஆடை கட்டும்வரை நான் அப்படியே நின்றேன். கண்ணையும் மூடிக்கொண்டிருந்தேன்.